விருத்தகிரியின் கட்டைவிரல்

என் வீட்டுத் தோட்டத்தில் காய்த்த புடலங்காய் ஒன்று வேலியைத் தாண்டி, தெருவைக் கடந்து, எதிர்வீட்டு விருத்தகிரியின் சமையலறை ஜன்னலுக்குள் தலையை நீட்டி, அங்கே கொதித்துக்கொண்டிருந்த சாம்பாரில் தானாகவே போய் விழுந்தது. நறுக்குகிற வேலைகூட அவருக்கு மிச்சம். அறுபத்தெட்டாம் வருஷத்துச் சங்கதி. அன்றைக்குத் தெருவில் வந்த கரும்பு வண்டிகளெல்லாம் காய் மிதிபடக் கூடாதென்று சுற்றிக்கொண்டு போயின.

நீங்கள் நம்பவில்லை. பரவாயில்லை, விருத்தாசலத்தில் ஒருவரும் நம்பவில்லை. அதனால்தான் இந்தக் காகிதத்தை நிரப்ப வேண்டியதாயிற்று. காகிதம் இன்ஸ்பெக்டர் கொடுத்தது. "நடந்தத நடந்தபடி எழுதுங்க பெரியவரே, ஒங்க பாணியில வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு வேறு பாணி கிடையாது. ஆனாலும் முயன்று பார்க்கிறேன். புடலங்காயைத் தவிர மற்றதெல்லாம் நிஜம். புடலங்காயிலும் வேலியைத் தாண்டியவரைக்கும் நிஜம்தான்.

என் பெயர் கோவிந்தசாமி. பீங்கான் தொழிற்சாலை ஒன்றில் சூளை மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன். சூளையின் துவாரத்தில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தேன் என்றால் உள்ளே எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவேன். தெர்மாமீட்டர் என் பதிலைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். நான் ஓய்வு பெற்ற வருஷமே என் மனைவி வீராயி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை. அதுவரை பகலெல்லாம் நெருப்பின் இரைச்சல், சாயங்காலம் வீராயியின் இரைச்சல் என்று வாழ்ந்தவனுக்கு அந்த வீட்டின் அமைதி தாங்கவில்லை. சுவரில் பல்லி நடந்தால் காலடிச் சத்தம் கேட்கும். அதனால் செடி வைத்தேன்.

செம்மண் பூமி. தோட்டத்து வரப்பெல்லாம் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட பீங்கான் சாமான்கள்தான். வாய் கோணிய ஜாடியில் துளசி, விரிசல் விட்ட தொட்டியில் பிரண்டை. மூக்கு உடைந்த பொம்மைகளை வேலியோரம் நிறுத்தி வைத்திருந்தேன், காக்கைகளுக்குப் பயம் காட்ட. காக்கைகள் பயப்படவில்லை. இருந்தாலும் மனித முகம் என்று நாலு இருந்தால் நல்லதுதானே.

வைத்த செடிக்கெல்லாம் குறிப்பு எழுதுவது என் வழக்கம். சூளையில் அடுக்குகிற ஒவ்வொரு அடுக்குக்கும் குறிப்பு வைத்துப் பழகிய கை. காகிதம் மழையில் கரைந்து போகும். மரப்பலகையைக் கரையான் தின்றுவிடும். நான் களிமண்ணை அப்பளம் போலத் தட்டி, உள்ளங்கை அளவு வில்லையாக நறுக்கி, ஓட்டை போட்டு, அதன்மேல் தூரிகையால் எழுதுவேன். என்ன செடி, எப்போது நட்டது, எப்போது பூத்தது, அதிலேயே பெரிய காய் எவ்வளவு கனம். எழுதும்போது கறுப்பாக இருக்கும் எழுத்து, சூளைக்குள் போய் வந்தால் நீலமாகிவிடும். என்னிடம் வேலை பார்த்த பாவாடை என்பவன் இன்னமும் தொழிற்சாலையில்தான் இருந்தான். பொம்மைகளுக்கு நடுவே சந்து கிடைக்கிற இடத்தில் என் வில்லைகளைச் செருகிச் சுட்டுக் கொண்டுவந்து கொடுப்பான். சுட்ட பிறகு அடிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. நான் செத்து, செடி செத்து, ஊரே மண்மூடிப் போனாலும் என் கத்தரிக்காயின் எடை அப்படியே இருக்கும்.

அதனால்தான் சுடுவதற்கு முன் சண்டை போட ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் விருத்தகிரி.

அவர் ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க்காக இருந்தவர். ஜங்ஷனில் வந்திறங்கிய மூட்டைகளையெல்லாம் எடை போட்டு எடை போட்டு, தராசில் ஏறாத எதையும் நம்பாத மனிதராகிவிட்டார். அவருக்கும் மனைவி இல்லை. மகன் சுப்புராயன் சென்னையில். தினமும் காலையில் கையில் கொக்கித் தராசோடு தெருவைக் கடந்து வருவார்.

"மேஸ்திரி, இது என்னா?"

"சேனக்கெழங்கு. இதத் தோண்டறப்ப பூமி ஒரு பக்கமா சாஞ்சிது, கிளார்க் சார். நீங்க கட்டில்லேருந்து உருண்டு வுழலயா?"

"பொய்யி. தராசுல மாட்டுங்க."

"தராசு தாங்காது."

"கூட்ஸ் வண்டியவே எட போட்டவன்யா நானு. மாட்டுங்க."

மாட்டினால் நாலு கிலோவும் சில்லறையும் இருக்கும். அவர் முகத்தில் அப்போது வருகிற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

"நாலு கிலோன்னு எழுதுங்க. பூமி சாஞ்சிதுன்னு எழுதக்கூடாது."

"கொஞ்சூண்டு சாஞ்சிதுன்னு போட்டுக்கறனே."

"ஒரு நூலுகூட சாயல. போடக்கூடாது."

சண்டை முடிந்ததும் ஈரக் களிமண் வில்லையின் மூலையில் தன் வலது கட்டைவிரலை அழுத்துவார். அதுதான் ஒப்புதல். அந்த ரேகை பதியாத எந்த வில்லையும் சூளைக்குப் போனதில்லை. பிறகு என் மரத்து எலுமிச்சையைப் பிழிந்து, உப்புப் போட்டு, ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளரில் குடிப்போம். அவர் போய்விடுவார். நான் மறுநாளைக்கான பொய்யை யோசிக்க ஆரம்பிப்பேன். நாள் முழுக்க அதுதான் வேலை. இந்தச் சுகத்தைப் பற்றி உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு மனிதர் நான் சொல்வதை வார்த்தை வார்த்தையாகக் கேட்டார். கேட்டால்தானே மறுக்க முடியும்.

எழுபத்தொன்றில் ஒரு காலை, பாகற்கொடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார். "சுப்புராயன் வந்துருங்கறான், மேஸ்திரி. பேரன் பொறந்து நடக்கவே ஆரம்பிச்சிட்டான். தை பொறந்ததும் அங்கயே போயிடலாம்னு இருக்கேன்."

"நல்லதுதானே" என்றேன். நல்லதுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

"அப்ப வில்லைக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"வேற யாரயாவது புடிங்க" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். பாகற்காயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நான் யோசித்துப் பார்த்தேன். தோட்ட வேலை தெரிந்த யாருக்கும் இது புரியும். ஓரிடத்தில் வேர்விட்ட செடியைப் பிடுங்கினால் செடிக்கு மட்டுமா நஷ்டம், அந்த மண்ணும் குழியாகிவிடுகிறது. வயதான செடியை இடம் மாற்றவே கூடாது. சென்னையில் அவருக்கு என்ன இருக்கிறது? மாடி வீடு. குழாய்த் தண்ணீர். எடை போட ஒன்றும் இல்லை. அவர் நன்மைக்காகவும் சேர்த்துத்தான் யோசித்தேன் என்பதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

அந்த வாரம் ஒரு கோப்பை செய்தேன்.

அப்படியொரு கோப்பையை இந்த ஊர் சுட்டதில்லை. சீனாக்காரன் பார்த்திருந்தால் தொழிலை விட்டுவிட்டுக் கரும்பு வெட்டப் போயிருப்பான். வாழைக் குருத்தின் பச்சை. உள்ளே பார்த்தால் உங்கள் முகம் உங்களைவிட அழகாகத் தெரியும். அந்தப் பளபளப்பு எல்லாப் பூச்சிலும் வராது. ஈயம் கலந்த பூச்சில்தான் வரும், அதுவும் குறைந்த சூட்டில் எடுத்தால்.

பாவாடை அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். கொடுக்க மனமில்லாமல் கையிலேயே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, இது பொம்மைக்குப் பூசறதாச்சே. சாப்புடற சாமானுக்கு இதப் பூச மாட்டமே நாம."

"பொம்மை மாதிரி வச்சிப் பாக்கத்தான்டா."

"அதான பாத்தேன். புளிச்சது எதயாவது ஊத்திடாதீங்க, பூச்சு கரஞ்சி எறங்கிடும்."

"எனக்கே பாடமாடா" என்றேன். சிரித்துக்கொண்டு போய்விட்டான். பாவாடைக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவனை அலைக்கழிக்க வேண்டாம்.

மறுநாள் முதல் விருத்தகிரிக்கு எலுமிச்சைச் சாறு அந்தக் கோப்பையில்.

"ஒங்களுக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணுதான் செஞ்சேன். ஒங்களுக்குன்னே செஞ்சது. சீன ராசா ஆளனுப்பிக் கேட்டான், குடுக்கல."

"பொய்யி" என்று சொல்லிவிட்டு ரசித்துக் குடித்தார். அன்றிலிருந்து சாறு இலேசாக இனிக்கிறது என்றார். அது உண்மைதான். அந்தப் பூச்சுக்கு அப்படியொரு குணம் உண்டு.

தை பிறப்பதற்குள் அவருக்கு வயிறு கெட்டது. சுருட்டிச் சுருட்டி வலித்தது, மலம் கட்டிக்கொண்டது. கடைத்தெரு டாக்டர் வாயு என்று மருந்து கொடுத்தார். ரயில் டிக்கெட்டை வாபஸ் செய்துவிட்டார். மகனுக்குக் கடுதாசி போட்டார், சித்திரையில் வருகிறேன் என்று.

இந்த இடத்தில் நீங்கள் என்னைத் தவறாக நினைக்கக்கூடும். நான் அளவு தெரிந்தவன். தண்ணீர் விடத் தெரியாதவன்தான் ஊற்றிக்கொண்டே இருந்து வேரை அழுகவிடுவான். அவர் முகம் வெளுத்த நாளிலேயே கோப்பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு மறுபடி டம்ளரில் கொடுத்தேன். கஞ்சி வைத்துக் கொண்டுபோனேன். வயிற்றில் விளக்கெண்ணெய் தடவினேன். சொந்த மகன்கூட அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டான். சித்திரைக்குள் தேறிவிட்டார். தராசோடு வந்து, என் முருங்கைக்காயைப் பார்த்து மூன்று மடங்கு பொய் என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தேறிய மனிதர் ஜங்ஷனுக்குப் போய் டிக்கெட் எடுத்து வந்தார். நான் கோப்பையைக் கழுவி வைத்தேன்.

இப்படியே போயிற்று. ஒவ்வொரு முறை அவர் கிளம்புவதற்கு முன்னும் வலி வந்தது. ஒவ்வொரு முறை வலி வந்தபோதும் நான் பக்கத்தில் இருந்தேன். அந்தக் காலத்தில்தான் எங்கள் தோட்டம் உச்சத்தில் இருந்தது. வாழைத்தார் சாய்ந்து கிணற்றுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரும். மல்லிகை பூக்கிற வாசனையில் சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் தூங்குகிறவன் எழுந்து உட்கார்ந்து, ஊர் வந்துவிட்டதா என்று கேட்பான். எல்லாவற்றுக்கும் விருத்தகிரி பொய் என்றார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

நான் அவரிடம் மறைத்தேன் என்று யாராவது சொன்னால் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இது முக்கியம். அடிக்கோடு போட்டிருக்கிறேன், பாருங்கள். நான் சொன்னேன்.

இரண்டாவது டிக்கெட்டையோ மூன்றாவதையோ திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த காலை அது. கல்லின் மேல் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். நான் இன்னும் டம்ளருக்கு மாற்றவில்லை, பச்சைக் கோப்பைதான் அவர் கையில்.

"என்னா மாயமோ தெரியல மேஸ்திரி. நான் கெளம்பறப்பல்லாம் வயித்துல வண்டி ஓடுது. ஒங்க எலுமிச்சம்பழத்துலதான் ஏதோ இருக்குது."

"பழத்துல ஒண்ணுமில்ல. கோப்பையில இருக்குது" என்றேன்.

"கோப்பையிலயா?"

"ஈயம். நீங்க மெட்ராசுக்குப் போவக் கூடாதுன்னு நாந்தான் கலந்து சுட்டேன். புளிப்பு பட்டா கரஞ்சி எறங்கும். நீங்க டிக்கெட்டு எடுத்தா இந்தக் கோப்ப. டிக்கெட்ட வாபஸ் பண்ணிட்டா டம்ளரு. கவனிச்சதில்லையா?"

அவர் என்னைப் பார்த்தார். கோப்பைக்குள் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலியோடு சேர்த்துச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யோவ், இத்தினி வருசத்துல இதான்யா பெரிய பொய்யி. அந்தப் புடலங்காயெல்லாம் இதுகிட்ட பிச்ச வாங்கணும்."

"நெசமாத்தான் சொல்றேன், கிளார்க் சார்."

"சொல்லுவீங்க. மொகத்தக்கூட மாத்தாம சொல்றீங்களே, அதுக்கே ஒங்களுக்கு ஒரு வில்ல அடிக்கணும். இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

ஊற்றினேன். குடித்தார்.

இதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? உள்ளதை உள்ளபடி சொன்னேன். தராசில் மாட்டிப் பார்க்க வேண்டியது அவர் பொறுப்பு.

அடுத்த வருஷம் அவர் கை விழுந்தது. பலமில்லாமல் போய், மணிக்கட்டிலிருந்து வாடிய கீரைத்தண்டு போலத் தொங்கிற்று. நாங்கள் இதைத் தொழிலில் பார்த்திருக்கிறோம், சாமானைப் பூச்சில் முக்கியெடுக்கிறவர்களில் ஒருவர் இருவருக்கு வரும். தராசைப் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்தேன். அவர் குனிந்து முள்ளைப் படித்தார். தராசு என் கையில் இருந்தது, சுண்டுவிரலால் ஓர் அழுத்து அழுத்தியிருந்தால் ஒரு பூசணி இரண்டு பூசணியாகியிருக்கும். ஒரு நாளும் நான் அதைச் செய்யவில்லை. அவருடைய நம்பிக்கைக்குத் துரோகம் செய்கிறவனல்ல நான்.

வில்லையில் கட்டைவிரலை அழுத்தும்போது நான் அவர் கையைத் தாங்கிப் பிடித்துக்கொள்வேன். தோட்டத்தில் வில்லைகளை வருஷவாரியாகப் பார்த்துக்கொண்டே நடந்தால் உங்களுக்கே தெரியும். சேனைக்கிழங்கு வில்லையில் அந்த ரேகை கிணறு மாதிரி ஆழமாக இருக்கும். பாகற்காயில் தட்டு மாதிரி. கடைசியாக வைத்த சீதாப்பழக் கன்றின் வில்லையில் வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். மெலிந்துகொண்டே போனதை நான் பார்க்காமலில்லை. கோப்பையை நிறுத்தினேன். ஆனால் நிறுத்தினால் தேறுவார், தேறினால் டிக்கெட் எடுப்பார். என் நிலைமையையும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

எழுபத்துமூன்றில் சுப்புராயன் நேரிலேயே வந்துவிட்டான். அப்பனைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதான்.

"மாமா, நீங்க பக்கத்துல இருக்கறீங்கன்னு தைரியமா இருந்தேனே. இப்புடி எலும்பா போயிட்டாரே. ஒரு கடுதாசி போட்டிருக்கக் கூடாதா?"

"நான் இல்லாட்டி இந்த எலும்பும் இருக்காது தம்பி" என்றேன். அவன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான்.

ஜங்ஷனில் அவரை வண்டியேற்றியபோது பெட்டியை நான்தான் சுமந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் விருத்தகிரி கேட்டார். "அந்தப் பச்சைக் கோப்பயக் குடுங்க மேஸ்திரி. அங்க போயி ஒங்க நெனப்பா வச்சிக் குடிக்கறேன்."

கொடுக்கவில்லை. அங்கே அது எதற்கு. அவர் கெட்டுப்போக வேண்டுமென்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

செடிகள் காய்த்தன. அவற்றுக்கென்ன. ஒரு நாள் கத்தரிக்காய் ஒன்றைப் பறித்து வைத்துக்கொண்டு, இதற்குள் ஒரு யானை ஒளிந்திருந்தது என்று உரக்கச் சொன்னேன். மூக்கில்லாத பொம்மைகள் பார்த்துக்கொண்டிருந்தன. மளிகைக்கடைக்காரரிடம் சொன்னேன். "அப்புடிங்களா, ரொம்ப நல்லதுங்க" என்று சொல்லிக்கொண்டே பருப்பை மடித்தார். பால்காரி பாஞ்சாலையிடம் சொன்னேன். "ஆமா தாத்தா" என்று சொம்பை நீட்டினாள். இந்த ஊர் ஜனங்களுக்கு ஒரு பொய்யை மறுக்கக்கூட நேரமில்லை. அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டுப் போகிறார்கள். ஒப்புக்கொள்வதைவிடக் கொடுமை வேறு இல்லை.

வில்லை தட்டிப் பார்த்தேன். தூரிகையை எடுத்தால் பெருக்கிச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. "கத்தரி. காய்த்தது" என்று எழுதினேன். மூலை வெறுமையாக இருந்தது. என் கட்டைவிரலையே அழுத்திப் பார்த்தேன். நன்றாக இல்லை. பிசைந்து போட்டுவிட்டேன்.

சென்னைக்குக் கார்டு கார்டாகப் போட்டேன். பூசணிக்குள் கோழி குடித்தனம் நடத்துகிறது, அவரைப் பந்தலில் ஏறிப் பார்த்தால் பெண்ணாடம் ஆலைப் புகை தெரிகிறது என்றெல்லாம். பொய்யி என்று ஒரே ஒரு வார்த்தை எழுதி அனுப்பினால் போதும் எனக்கு. சுப்புராயன்தான் ஒருமுறை பதில் போட்டான். அப்பாவுக்கு உடம்பு தேவலை, கைக்கு இன்னும் பேனா பிடிக்கிற சக்தி வரவில்லை, தங்கள் பூசணியைப் பற்றிப் படித்துக் காட்டினேன், சிரித்தார் என்று. எதிர்வீட்டுக்கு வேறு குடித்தனம் வந்துவிட்டது. சமையலறை ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வழக்கு என்று ஒன்று வந்தால், பாதிக்கப்பட்டவர் நேரில் வந்துதானே ஆக வேண்டும்.

கோப்பையை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் கடைசிவரை கேட்டார். பிறகு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கான்ஸ்டபிள்களைக் கூப்பிட்டு, மறுபடி சொல்லச் சொன்னார்.

"போன மாசம்தானே பெரியவரே, ஒங்க வூட்டுப் பலாப்பழம் வுழுந்ததுல ரயிலு தடம்பொரண்டுச்சுன்னு சொன்னீங்க?"

"அது சும்மா. இது நெசம்."

"வெசம் வச்சவன் எவனாச்சும் கையோட சாமானத் தூக்கிக்கிட்டு வந்து நானே வச்சேம்பானா? வூட்டுக்குப் போங்க. வெயிலு ஏறுது."

தினமும் போனேன். அவர்கள் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கோப்பையைத் திருப்பித் தரவில்லை. பேனாக்களைப் போட்டு மேஜைமேல் வைத்துக்கொண்டார் இன்ஸ்பெக்டர், அழகாக இருக்கிறதாம். என் வாழ்க்கையிலேயே பெரிய காரியத்தைச் செய்துவிட்டு, அதைச் செய்தவன் நான்தான் என்று நிரூபிக்க முடியாமல் தெருவில் நடந்து போவதைப் போலத் தனிமை எதிலும் இல்லை. எதிரே வருகிறவர்கள் என்னைப் பார்த்துக் கொலைகாரத் தாத்தா என்று கேலி செய்தார்கள். அதையும் அன்பாகத்தான் சொன்னார்கள்.

கடைசியில் என் தொல்லை தாங்காமல்தான் இன்ஸ்பெக்டர் சென்னைக்குத் தகவல் அனுப்பினார். வந்து ஒரு வார்த்தை பொய் என்று சொல்லிவிட்டுப் போனால் இந்தக் கிழவர் அடங்குவார் என்று.

நேற்று வந்தார்.

சுப்புராயன் தோளைப் பிடித்துக்கொண்டு, பாசஞ்சர் வண்டியில், அந்த உடம்போடு, அத்தனை தூரம். அவர் என்னைப் பார்க்கத்தான் வந்தார் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. நான் ஸ்டேஷன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பரவாயில்லை, நாற்காலிதான் உடம்புக்குச் சௌகரியம்.

"சீதாக்கன்னு பூத்திருக்குது கிளார்க் சார். ஒவ்வொரு பூவும் கொடையளவு இருக்குது" என்றேன்.

அவர் மேஜைமேல் இருந்த பச்சைக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் சிரித்த முகத்தோடு கேட்டார். "இவரப் பத்தி ஒங்களுக்குத் தெரியாததா ஐயா. நீங்க ஊருக்குப் போவாம இருக்கறதுக்கு ஒங்களுக்கு வெசம் வச்சாராம். பொய்யின்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க, ரெண்டு பேரும் கையக் கோத்துக்கிட்டு வூட்டுக்குப் போங்க."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொய்யி என்றாரானால் பழைய விருத்தகிரி எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டார், இன்றைக்கே தோட்டத்துக்குக் கூட்டிப்போய்விடலாம். நிஜம் என்றாரானால், பிறந்ததிலிருந்து நான் சொன்னதில் ஒன்றையாவது அவர் வாயால் ஒப்புக்கொள்ளவைத்த பெருமை எனக்கு. எப்படிப் போனாலும் எனக்கு லாபம். அவர் கை மடியில் கிடந்தது. விரல்கள் உள்பக்கமாக மடங்கியிருந்தன.

"சார்" என்றார். குரல் இன்னும் தேறவில்லை. "மேஸ்திரி சொன்னதுல ஒண்ணக்கூட நான் ஒத்துக்கிட்டதில்ல. கூட்ஸ் கிளார்க்கு நானு. எட போடாம எதையும் ஏத்துக்க மாட்டேன்."

"அதான் கேக்கறேன்."

"எங்கிட்ட சொல்லிட்டுத்தான் குடுத்தாரு சார். கோப்பையில ஈயம் இருக்குது, ஒங்களப் போவ வுடாம பண்ணத்தான்னு. நான் சிரிச்சேன். இன்னும் கொஞ்சம் ஊத்துங்கன்னேன். மெட்ராசுல டாக்டரு ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, ஈயம் ஏறியிருக்குது, நீங்க எங்கயாச்சும் ஈயத்துல வேல பாத்தீங்களான்னு கேட்டாரு. இல்லன்னேன். அப்பயும் எனக்குத் தோணுது, மேஸ்திரி வெளையாட்டுக்குத்தான சொல்லியிருப்பாருன்னு. பெத்த புள்ளகிட்டகூட சொல்லாம இத்தினி நாளு வாய மூடிக்கிட்டிருந்தேன்."

சுப்புராயன் அப்பன் தோளிலிருந்து கையை எடுத்தான். பேனாக்களை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, கோப்பையைத் துணியால் பிடித்துத் தூக்கினார் இன்ஸ்பெக்டர். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அப்ப ஒத்துக்கறீங்களா, கிளார்க் சார்?" என்று கேட்டேன். சந்தோஷத்தில் பெஞ்சைவிட்டு எழுந்தே விட்டேன்.

விருத்தகிரி என் பக்கம் திரும்பவில்லை.

"எழுதிக்குங்க சார்" என்றார். "நடந்துச்சு."